இனி கேட்காதே

இந்தக் கோயமுத்தூரில் ஒரே ஒரு சென்னியப்பனாக இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி நான், கோதைநாயகி. இன்னொருத்தர் வசந்தாமணி அக்கா. உண்மையான சென்னியப்பன் சார் எங்கள் இரண்டு பேரிலும் இல்லை என்பதுதான் சிக்கல்.

தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. முதலில் இருந்து சொல்கிறேன்.

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. பிரிவின் தலைவர் சென்னியப்பன் சார். செம்புக் கம்பி விலை ஏறுமா இறங்குமா என்று டீ குடித்துக்கொண்டே சொல்வார், அப்படியே நடக்கும். கம்ப்யூட்டர் மட்டும் மனுஷனுக்கு ஆகவே ஆகாது. திரையில் ஒரு பெட்டி வந்து ஏதாவது கேட்டுவிட்டால் போதும், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

“என்னமோ கேக்குது பாரு அம்மிணி. சரின்னு அமுக்கித் தாட்டி விடு.”

நான் சேர்ந்த வாரமே தன் பாஸ்வேர்டை எனக்குச் சொல்லிவிட்டார். சத்தமாகவே சொன்னார், பக்கத்து மேஜைக்கும் கேட்டது. அதற்கப்புறம் அவருக்கு வரும் மெயிலைப் படிப்பது நான், பதில் போடுவது நான், டெண்டரில் யாரை வைப்பது யாரை விடுவது என்று முக்கால்வாசி முடிவு செய்வதும் நான். கடைசியில் ‘இப்படிக்கு, சென்னியப்பன்’ என்று போட்டு அனுப்பிவிடுவேன். எங்கள் ஆபீசில் சுழல் நாற்காலிக்காரர்கள் யாருமே கீபோர்டைத் தொடுவதில்லை. தொட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

வீட்டிலும் இதே கதைதான். சிம் கார்டு சார் பெயரில். கேஸ், கரண்ட், வீட்டு வரி, பேங்க் எல்லாம் சார் பெயரில். செய்வது முழுக்க அவர் மனைவி வசந்தாமணி அக்கா. குழந்தை இல்லாத வீடு, இரண்டே பேர். நாங்கள் இரண்டு சென்னியப்பன்களும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வோம். ஆபீஸ் சென்னியப்பன், ‘இன்று ஆடிட்டிங், வர லேட் ஆகும்’ என்று போடுவார். வீட்டுச் சென்னியப்பன் பதில் போடுவார்: ‘டிபன் பையில் சுகர் மாத்திரை வெச்சிருக்கேன் கோதை. போட்டாரான்னு பார்த்துச் சொல்லு.’ அக்காவை நான் நேரில் பார்த்தது கொஞ்சம்தான். ஆனால் என் கூடப் பிறந்தவளைவிட அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிச் சுகமாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கைநடை என்கிற புது மிஷின் வந்து மோதியது.

“ஆபீசு, பேங்கு, ஆஸ்பத்திரி, இனிமே எங்கயும் பாஸ்வேர்டு கெடையாதுங்க,” என்றார் அதைப் பொருத்த வந்தவர். “நீங்க யாருன்னு உங்க கையே சொல்லிப்போடும்.”

“ரேகையா?” என்றார் சார்.

“ரேகையெல்லாம் போச்சுங்க. முகம், குரல், ரேகை எல்லாத்தையும் நகல் எடுக்கக் கத்துக்கிட்டானுங்க. இது நடை. எந்தப் பெட்டியைப் படிக்காம மூடுவீங்க, எங்க நின்னு யோசிப்பீங்க, பிரிண்டர் மக்கர் பண்ணுனா எப்படிக் குத்துவீங்க, எல்லாம். இத்தனை வருசமா நீங்க பண்ணுனது மொத்தமும் உள்ள இருக்குது. ஒருத்தரோட தயக்கத்தைத் திருட முடியாதுங்க சார்.”

சார் கம்பீரமாக உட்கார்ந்தார். திரை ஒன்றிரண்டு சில்லறை வேலைகளைக் கொடுத்தது. ஒரு பைலைச் சேமிக்கவா என்றது, ஒரு மெயிலுக்குப் பதில் போடச் சொன்னது. சார் சரி, சரி, சரி என்று குத்தினார். ‘நீங்கள் யார்?’ என்று கேட்டது மிஷின். அடுத்து நான் உட்கார்ந்தேன். இரண்டு வரி அடிப்பதற்குள், ‘வணக்கம், சென்னியப்பன்’ என்று பச்சை விளக்குப் போட்டது.

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. சாரும் சிரித்தார். பொருத்த வந்தவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, “பதிஞ்சா பதிஞ்சதுதானுங்க, மாத்த முடியாது,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

நானும் அன்றைக்குச் சிரித்தவள்தான். ஓசூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு மனுப் போட்டபோது அந்தச் சிரிப்பு நின்றது. “உங்க வேலை நடையைப் பார்த்தோம் மேடம்,” என்றாள் அங்கே இருந்த பெண், மரியாதையாகத்தான். “லீவ் கேட்டது, கேன்டீன் டோக்கன் போட்டது, போனஸ் பத்தி ஒரு மெயில். பதினோரு வருஷத்துல உங்க பேர்ல இதுதான் இருக்கு. ஒரு ஆறு மாசம் உங்க பேர்ல வேலை பார்த்துட்டு வாங்களேன்.”

அன்றைக்குச் சாரிடம் போய்ச் சொன்னேன். “அவன் கெடக்கறான் விடு அம்மிணி,” என்றார். பிறகு, “அந்த ஈரோட்டுப் பார்ட்டிக்குப் பதில் போட்டுட்டயா?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மானிட்டரைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். போடவில்லை. ஈரோட்டுக்குப் பதில் போட்டேன், இப்படிக்கு சென்னியப்பன் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. காலையில் பாதியிலேயே ஆபீசை விட்டுப் போயிருந்தார்.

“அம்மிணி, ஒடனே கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வா. வசந்தா மாவு மில்லுல மயங்கி விழுந்துட்டா. தலைக்குள்ள ரத்தம் கசியுதாமா. ஆபரேசன் பண்ணோணும்ங்கறாங்க. இந்த மிஷின் என்னைய நானில்லைங்குது.”

போய்ச் சேர்ந்தபோது, நடை மேஜை என்று பலகை மாட்டிய ஒரு கண்ணாடி அறையில் சார் நின்றுகொண்டிருந்தார். உட்காரவே மாட்டேன் என்கிறார். சட்டைப் பையில் கையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். மேஜைக்குப் பின்னால் பெனாசிர் என்று அட்டை மாட்டிய ஒரு பெண். பக்கத்தில் பச்சை உடையில் மூளை டாக்டரம்மா, எப்போது கிளம்பலாம் என்பது போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரத்தம் மெதுவாத்தான் கசியுது,” என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. “இப்ப திறந்தா எடுத்துடலாம். உயிர் போற நிலைமைன்னா யாரையும் கேக்காம நாங்களே பண்ணலாம், அதுக்கு விதி இருக்கு. ஆனா அந்த நிலைமை வந்ததுக்கப்புறம் பண்ணினா எழுந்து நடமாடறவங்க ரொம்பக் கம்மி. இன்னும் அந்த நிலைமை வரலை. அதனால இப்ப கணவர் சொல்லணும்.”

“நான்தானுங்களே கணவர்!” என்றார் சார்.

“எனக்குத் தெரியுதுங்க. மிஷின் ஒத்துக்கணுமே. அது பூட்டைத் திறக்காம எனக்குத் தியேட்டர் குடுக்க மாட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க.” டாக்டர் கிளம்பிவிட்டார்.

நான் பெனாசிரிடம், “அவங்க அண்ணன் தம்பி யாராவது சொன்னா ஆகாதாம்மா?” என்றேன்.

“கணவர் இல்லைன்னாத்தானுங்க்கா மத்தவங்க. இவங்களுக்குக் கணவர் இருக்கார்னு பதிவுல இருக்கு. இருக்கறவரு வந்து சொல்லோணும். ஐயா ஒருக்கா உக்காந்து பாத்துட்டாருங்க, ஒத்துக்கல. இன்னும் ரெண்டு தடவைதான். அதுக்கு மேல தப்புனா நாளைக்குத்தான் தொறக்கும்.”

எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. ஆபீசில் நான்தானே அவர்! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெனாசிர் என்னைப் பார்த்தாள். தடுக்கவில்லை. எனக்கே உரிய வேகத்தில் கடகடவென்று அடித்தேன். திரை சிவப்பானது. ‘இது வீட்டு நடை இல்லை.’

“ஐயோ அக்கா,” என்றாள் பெனாசிர். “வேலை நடை வேற, வீட்டு நடை வேறங்க. ஆபீஸ்காரங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு வீட்டு நடைதான் கணக்கு. வீட்டுல இவரு போன், பில்லு எல்லாம் பாக்கறது யாருங்க?”

சார் கண்ணாடி வழியாக, ஆபரேஷன் பகுதியின் இரட்டைக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வீட்டுச் சென்னியப்பன் மூக்கில் குழாயோடு அந்தக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தார். அவருக்கு ஆபரேஷன் செய்ய அவரே எழுந்து வந்துதான் சம்மதம் சொல்ல வேண்டும்.

“என்ற பொண்டாட்டிக்கு நான் புருசன்னு சொல்ல ஒரு மனுசன் இல்லையா இந்த ஊர்ல?” சார் மேஜையைத் தட்டினார். அந்தத் தட்டலில் அதிகாரம் இல்லை. பயம்தான் இருந்தது. பதினோரு வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு தடவை பாக்கி. அக்கா எனக்கு எழுதிய செய்திகளை மனதுக்குள் ஓட்டினேன். அவர் எழுதும்போது மூன்று புள்ளி ஆடுவதை எத்தனை மத்தியானம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்! மெதுவாக அடிப்பார். மிஷின் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார், அதே சொல்லைத் தானே முழுசாக அடிப்பார். அனுப்புவதற்கு முன் ஒரு முறை அழித்துவிட்டு அதையே திரும்ப எழுதுவார். கொஞ்சம் புள்ளியைப் பார்த்து, கொஞ்சம் அவரே சொல்லி, இதெல்லாம் எனக்குத் தெரியும்.

“சார், கை என்னுது. ஆனா வீட்டுல அக்கா என்ன பண்ணுவாங்கன்னு நீங்கதான் சொல்லணும். உக்காருங்க.”

பெனாசிரைப் பார்த்தேன். அவள் தன் பேனாவைத் திறந்து மூடினாள். “யாரு கைன்னு பாக்கறது என் வேலை இல்லீங்க்கா. அதுக்குத்தான் இத்தனை பெரிய மிஷின் வாங்கி வெச்சிருக்காங்க. அது சரின்னா எனக்கும் சரிங்க.”

ஆரம்பித்தேன். முதலில், புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. இப்போதா, பிறகா?

“சரின்னு அமுக்கு,” என்றார் சார். வாயில் வந்து பழகிய சொல். உடனே, “இரு, இரு,” என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். “பொறவுன்னு போடு. ஒருக்கா நான் அவ போனுல கிரிக்கெட் பாக்கறப்ப அது புதுப்பிக்கறேன்னு சுத்திக்கிட்டே நின்னுபோச்சு. கத்திப்போட்டேன். அதுக்கப்புறம் நான் தூங்குன பொறகுதான் அவ அதையெல்லாம் போடுவா.”

பிறகு என்று போட்டேன். அடுத்து பால். நாளைக்கு எந்தப் பாக்கெட்?

சார் விழித்தார். “பால்... வெள்ளையா இருக்கும்.”

“பச்சைப் பாக்கெட் ஒண்ணு, நீலம் ஒண்ணுங்க சார். நீலம் உங்களுக்கு, சுகருக்காக.” அக்கா எப்போதோ எனக்கு எழுதியிருந்தார்.

அடுத்தது: தங்கை ருக்மணிக்குப் பிறந்தநாள் வருகிறது, வாழ்த்து அனுப்பவா?

“இல்லைன்னு போடு. அவகூடப் பேச்சுவார்த்தை நின்னு எத்தனையோ வருசமாச்சு.”

“அக்கா அனுப்புவாங்க சார். உங்க பேர்ல சேலையும் அனுப்புவாங்க. ஆபீசுக்கு நன்றின்னு ஏதாச்சும் வந்தா அவர் கண்ணுல படாம எடுத்து வைன்னு எனக்குச் சொல்லியிருக்காங்க.”

அவர் என்னையே பார்த்தார். “அதானா போன கல்யாணத்துல மச்சான் என்னையப் பாத்துச் சிரிச்சான்? நான் வேற மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.”

வாழ்த்தை அடித்தேன், அழித்தேன், அதையே திரும்ப அடித்தேன். திரையின் மூலையில் மஞ்சள் விளக்கு வந்தது. இன்னும் பச்சை இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. ஆபரேஷனின் நிபந்தனைகள். பக்கம் பக்கமாக, எறும்பு எழுத்தில். கீழே ஒரு பட்டன், ‘படித்தேன், சம்மதம்’. உலகத்தில் யாராவது இதைப் படிப்பார்களா? என் விரல் நேராகப் பட்டனுக்குப் போனது.

“அமுக்காத!” என்றார் சார். “அவ படிப்பா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். வாசிங்மெசின் வாங்குனப்ப அதோட வாரண்டிய ஒரு சாயங்காலம் முழுக்கப் படிச்சா. நான் பசிக்குதுன்னு சத்தம் போட்டேன், எந்திரிக்கல. கடைசி வரைக்கும் படிச்சுட்டு, மறுக்கா முதல் பக்கத்துக்குப் போயி ஒருக்காப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொன்னா.”

அப்படியானால் படிக்க வேண்டும். எழுத்தைப் பெரிசாக்கினேன், அக்கா அப்படித்தான் செய்வார். ஒவ்வொரு பக்கமாக நகர்த்தினேன். கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து விதிமுறை படிக்கிறேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு எரிச்சலை நான் அனுபவித்ததில்லை. கால் தரையில் நிற்கவில்லை. ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பேச்சு போகலாம் என்று ஒரு பக்கம் சொன்னது. வலது கை வராமல் போகலாம் என்றது இன்னொன்று. நினைவு தப்பலாம் என்றது மற்றொன்று. எதற்கெடுத்தாலும் தாட்டி விடு என்கிற மனுஷன், பக்கத்தில் குனிந்து, உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் அவரே, “மறுக்கா மேல போ,” என்றார்.

மேலே போனேன். கீழே வந்தேன். விளக்கு பச்சையானது.

‘வணக்கம், சென்னியப்பன்.’

பெனாசிர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. சார் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அதற்குள் திரையில் அடுத்தது வந்துவிட்டது.

‘உங்கள் மனைவி வசந்தாமணிக்கு ஆபத்தான அறுவைச் சிகிச்சை செய்யலாமா? இந்தக் கேள்விக்கு நீங்கள் முன்பே பதில் தந்துள்ளீர்கள்: வேண்டாம். காரணம்: வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.’

அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், டிக் அடித்து வைத்திருந்தது. ‘இனி கேட்காதே.’

“இதாருடா போட்டது?” என்றார் சார், யாரையும் பார்க்காமல்.

“போன வருசம் ஆஸ்பத்திரிப் பதிவுன்னு போன்லயே குடும்பம் குடும்பமாப் பதிஞ்சாங்களேங்க,” என்றாள் பெனாசிர் மெல்ல. “அப்ப இந்தக் கேள்வியெல்லாம் வரும். காரணத்துக்குக் கீழ பத்துப் பதினஞ்சு இருக்கும், ஒண்ணைத் தொட்டா வந்துரும். ஐயா பேர்லதான் பதிவாயிருக்குது.”

அக்கா அதைப் படிக்காமல் அமுக்கியிருக்க மாட்டார். பத்துப் பதினைந்து காரணங்களையும் படித்து, மேலே போய் ஒரு முறை பார்த்துவிட்டு, புருஷனுடைய பெயரில், புருஷன் சொல்வது போல, அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

“நான் இருக்கறனே,” என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன அம்மிணி, நான் இருக்கறன்ல?”

எனக்குள் ஒரு தடுமாற்றம் வந்ததை மறைக்க மாட்டேன். இது அக்காவின் முடிவு. யோசித்து எடுத்த முடிவு. அதை மாற்ற நான் யார்? அதைத்தான் வாய்விட்டுக் கேட்டேன். “அக்கா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சார்.”

“அவ வேண்டாம்னு சொன்னது ஆபரேசனை இல்ல அம்மிணி. என்னைய.” சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். “மாத்து. நான் பாத்துக்கறேன்னு போடு.”

‘ஏற்பாடு மாறியிருந்தால் பதிலை மாற்றலாம்’ என்று அடியில் ஒரு வரி இருந்தது. தொட்டேன். பார்த்துக்கொள்பவர் பெயர் என்று ஒரு வெற்றிடம் வந்தது. சார், “சென்னியப்பன்னு போடு,” என்றார்.

“வேண்டாங்க சார்.”

“ஏன்?”

சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். “‘ஆள் இல்லை’ன்னு போட்ட கையே ‘நான் இருக்கேன்’னு எழுதாதுங்க. மிஷினுக்கு இப்ப நாமதான் அக்கா. அக்கா அந்த இடத்துல உங்க பேரைப் போடவே மாட்டாங்க. போட்டா அது பிடிச்சுக்கும். பச்சை போயிரும்.”

அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. அவர் சொல்ல வந்ததிலேயே உண்மையான ஒரு வார்த்தை அதுதான். அதைச் சொன்னால்தான் அவர் போலி ஆகிவிடுவார்.

நர்ஸ் மறுபடியும் வந்தாள். “டாக்டர் கேக்கறாங்க, ஆச்சுங்களா? பேசண்டம்மாவுக்கு ஒரு கண்ணுப் பாப்பா விரியறாப்புல இருக்குது, லேட் ஆகக்கூடாதுங்க.”

நான் என் பெயரை அடிக்க ஆரம்பித்தேன். மெதுவாக, மிஷின் எடுத்துக் கொடுத்ததை வாங்காமல், அக்கா என்னைக் கூப்பிடுவதை நினைத்துக்கொண்டு.

“அக்கா,” என்றாள் பெனாசிர் அவசரமாக. “அங்க பேரு போட்டா வெளையாட்டு இல்லீங்க. டாக்டர் முடிச்சு வைக்கற வரைக்கும் தெனமும் உங்களைத்தான் கேக்கும். அவங்க பக்கத்துல இருந்துதான் பதில் சொல்லோணும். ஊரை விட்டு எங்கயும் போக முடியாது. வருசக் கணக்குல ஆகும்.”

ஓசூர் ஒரு நிமிஷம் கண் முன் வந்து போனது. இந்த மனுஷனுக்காக எதற்கு நான் என்று கோபமும் வந்தது. ஆனால் மாத்திரை போட்டாரா என்று கேட்டு எழுதிய கை கதவுக்குப் பின்னால் கிடந்தது. அந்தக் கை அந்த வெற்றிடத்தில் வேறு யார் பெயரை எழுதியிருக்கும்? பெயரை அழித்தேன். திரும்ப அடித்தேன். கோதைநாயகி.

மிஷின் யோசித்தது. என்னைப் பற்றி அதனிடம் என்ன இருக்கிறது? லீவ் லெட்டர், கேன்டீன் டோக்கன். மறுக்க அதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ‘சரி’ என்றது. இரட்டைக் கதவுக்கு மேலே இருந்த விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

அக்கா பிழைத்துக்கொண்டார்.

வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நின்று நின்று வருகிறது. முதல் தடவை முழுசாகப் பேசியபோது என்னிடம் கேட்டது, “வேண்டாம்னு... போட்டிருந்தேனே?” என்றுதான். “மாத்திட்டமுங்க்கா,” என்றேன். “யாரு?” என்றார். நடந்ததைச் சொன்னேன். சார் நிபந்தனை முழுவதையும் படித்தார் என்பதை மட்டும் அவர் நம்பவில்லை. அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஆபீசில் நான் இப்போது என் பெயரில்தான் உட்காருகிறேன். மிஷின் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. தினமும் காலையில் ‘வணக்கம், சென்னியப்பன்’ என்று இளிக்கிறது. தினமும் ‘இல்லை’ என்று அமுக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். சாருடைய மெயில்கள் மலையாகக் குவிந்தன. முதலாளி கூப்பிட்டுக் கேட்டதற்கு, “எனக்குத் தெரியாதுங்க, கோதைதான் எல்லாம் பாத்துது, அவ பேருக்கே மாத்திக் குடுங்க,” என்று சார் சொல்லியிருக்கிறார். முதலாளி பார்க்கலாம் என்றிருக்கிறார். அவருக்கும் ஒரு கோதை இருக்கிறாள், அவர் எப்படி உடனே முடிவு சொல்வார்?

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரே சார் வீடு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததும் என் போன் கேட்கும். ‘இன்று கஞ்சி கொடுத்தீர்களா? கைப்பயிற்சி நடந்ததா? மாத்திரை?’ நடந்தது, நடந்தது, போட்டாச்சு என்று நான் பதில் சொல்வேன். செய்தது முழுக்கச் சார். கஞ்சியை அடிப்பிடிக்க விட்டு, திரும்ப வைத்து, அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி, கெஞ்சி, திட்டு வாங்கி, செய்வது எல்லாம் அவர். போன வாரம் ஓசூர்க்காரர்கள் என் பதிவைத் திரும்பப் பார்த்தார்களாம். வேறு வீட்டு ஆளைப் பார்த்துக்கொள்வது வேலை நடையில் ஏறிவிடுமாம். நோயாளிகளைக் கவனிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறதாம், கொள்முதலில் இல்லையாம். கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நேற்று நான் பதில் போட்டுக்கொண்டிருந்தபோது சார் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். கையில் கஞ்சிக் கிண்ணம், வேட்டியில் கஞ்சிக் கறை. ‘சிறப்பாகக் கவனிக்கிறீர்கள், கோதைநாயகி’ என்று மிஷின் ஒரு பூப்படம் போட்டது.

“என்ன அநியாயம் அம்மிணி இது? விடிஞ்சதுல இருந்து அல்லாடறது நானு, பேரு மட்டும் உனக்கா?”

“எனக்குப் பதினோரு வருசம் அப்படித்தானுங்களே சார் இருந்துச்சு,” என்றேன்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. பதறித் திரும்பினோம். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம்தான் மேலே போனது. ஆபத்து ஒன்றும் இல்லை, சிரிப்புதான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபின் அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாருக்கு வெட்கமாகிவிட்டது. பேச்சை மாற்ற, “இது நாளைக்கும் கேக்குமா?” என்றார்.

“தெனமும் கேக்குமுங்க சார். பெனாசிர் சொன்னது டாக்டர் முடிக்கற வரைக்கும்னு. ஆனா கொஞ்ச நாள் ஒழுங்காப் பதில் சொன்னா கீழ ஒரு கட்டம் குடுக்குது. ‘இனி கேட்காதே.’ அதுல டிக் அடிச்சுட்டா யாரையும் எதுவும் கேக்காது.”

அவர் விரல் பழக்கத்தில் அந்தக் கட்டத்தை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அக்காவும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம், கேக்கட்டும்,” என்றார் சார். விரலை மடக்கிக்கொண்டு, கஞ்சி ஆறுவதற்குள் கரண்டியை எடுத்தார்.